கியர் ஆயிலும் பி.காம் அறிவும்

ஞாயிற்றுக்கிழமை, மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. நெடுநாளாகச் சொல்ல நினைத்த சங்கதி ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன். கியர் ஆயிலைப் பற்றி ஒரு பேங்க்காரன் பேசலாமா என்று கேட்பீர்கள். காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன் பேசலாம் :-)

2019 ஜூலை 27 ஞாபகம் இருக்கிறதா? உல்லாஸ் நதி பொங்கி, வாங்கணி பக்கம் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்துக்கு நடுவே நின்றதே, அதே நாள். இங்கே அம்பர்நாத்தில் என் செகண்ட் ஹேண்ட் காருக்கு சீட் வரை தண்ணீர். மெக்கானிக் இன்ஜின் ஆயிலை மாற்றினார், பிளக்கைத் துடைத்தார், வண்டி கிளம்பிவிட்டது. கியர் பாக்ஸுக்கும் மூச்சுவிட ஒரு சின்னத் துவாரம் உண்டு, அது வழியாகத் தண்ணீர் உள்ளே போகும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தெரியாது.

தீபாவளிக்குள் இரண்டாவது கியர் 'கர்ர்ர்' என்றது. ஆயிலை இறக்கினால் பால் ஊற்றின டீ மாதிரி வருகிறது! "5 நம்பர் போடுறேன் சார், 4ஐ விட ஒசத்தி" என்றார். நானும் தலையாட்டினேன். நமக்குத்தான் ஏ-வை விட டபுள் ஏ ஒசத்தி என்று பழகிப்போயிருக்கிறதே.

அது ரேட்டிங் இல்லை சாமி. ஜிஎல்-5 என்பது ஹைப்பாய்ட் பல்சக்கரத்துக்கு. பின்சக்கரம் ஓட்டும் வண்டிகளின் டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றை ஒன்று தேய்த்து வழுக்கும். அதைத் தாங்க அதில் கந்தக, பாஸ்பரஸ் சரக்கு ஜிஎல்-4ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். முன்சக்கரம் இழுக்கும் என் சின்ன காரில் அந்த வேலையே கிடையாது. இருப்பது பித்தளை சிங்க்ரோ வளையம். கொஞ்சம் உராய்ந்தால்தான் அது பல்லின் வேகத்தைச் சமன் செய்யும். வழுக்கல் அதிகமானால் கியர் விழாது, சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளையையும் அரிக்கும். (புதிதாக வரும் சில ஜிஎல்-5 பித்தளைக்கு ஆகும் என்கிறார்கள். டப்பாவில் அப்படிப் போட்டிருந்தால் சரி.)

தாராவியில் நம்ம திருநெல்வேலி அண்ணாச்சி ஒருத்தரிடம் வண்டியை விட்டேன். "என்ன ஆயில் ஊத்துனாங்க?" என்றார். பில் இல்லை, டப்பா இல்லை. கையெழுத்து இல்லாத வவுச்சரைப் பாஸ் பண்ணாத ஆசாமி நான்! பேரிங், சிங்க்ரோ வளையம், கூலி எல்லாமாக அந்த மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று.

கையேட்டில் இருந்தது ஜிஎல்-4, 75டபிள்யூ-90. 90 என்றதும் தார் மாதிரி இருக்கும் என்று பயப்பட வேண்டாம். கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு. இன்ஜின் ஆயிலில் 40, 50 எவ்வளவு கெட்டியோ அவ்வளவுதான். முன்னால் வரும் 75 குளிருக்கானது. நம்ம ஊர் என்ன காஷ்மீரா?

கியர் லிவருக்கு அண்ணாச்சி முதலில் பழைய கிரீசைச் சுத்தமாகத் துடைத்தார். இரண்டு ஜாதி கிரீஸ் கலந்தால் சில சமயம் இளகி ஓடிவிடுமாம். இரும்பு மூட்டுக்கு லித்தியம், ரப்பர் புஷ்ஷுக்கு சிலிக்கான்.

இன்னொன்றும் காட்டினார். ஆயிலை இறக்கும் முன் ஊற்றுகிற நட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கீழே திறந்து காலி செய்தபின் மேலே துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால், வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகணும்.