ஹாரகம ஏன் அதிர்ந்தது? "பயப்பட வேண்டாம்" என்பது பதில் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

கண்டிப் பக்கம் எங்காவது ஜன்னல் கண்ணாடி ஆடினால் போதும், அரை மணித்தியாலத்துக்குள் வட்ஸ்அப் குழுமங்களில் மூன்று தீர்ப்புகள் வந்துவிடும். விக்டோரியா அணைக்கட்டு வெடிக்கப் போகிறது. எல்லாம் குவாரிக்காரர்கள் செய்த வேலை. மலைக்கு அடியில் எரிமலை விழித்துவிட்டது. அடுத்த நாள் அதிகாரிகளிடமிருந்து நாலாவது தீர்ப்பு வரும்: "பொதுமக்கள் பயப்படத் தேவையில்லை."

இந்த நாலுமே ஒன்றுதான் என்பது என் கருத்து. நாலிலும் ஆதாரம் இல்லை.

2020இல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் 29 இரவு திகன, ஹாரகம, தலாத்துஓயா பக்கம் பெரிய சத்தத்தோடு நிலம் அதிர்ந்தது. செப்டெம்பர் 2 காலை மறுபடியும். நவம்பர் 18இல் இன்னொன்று, ரிக்டர் அளவில் சுமார் 2. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் குழுவை அனுப்பி ஆராய்ந்தது. ஆனால் நடுக்கத்தின் மூலம் எது, அது எப்படிக் கண்டறியப்பட்டது என்பதை அந்தக் கிராமத்து மக்கள் எத்தனை பேர் இன்று விளக்குவார்கள்?

முதலில் எரிமலையை ஒதுக்கி வைப்போம். இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. நம் மலைநாடு மிகப் பழைய உருமாறிய பாறை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டிச் சிலர் வாதிடுகிறார்கள். அங்கே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர்தான் பூமியின் இயல்பான வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது. உண்மையான எரிமலைத் தீவிலேயே எல்லாப் பழியையும் எரிமலைமேல் போட முடியாது. ஹவாய் தீவில் 2018 மே மாதம் 6.9 அளவில், ஆழம் குறைந்த நிலநடுக்கம் வந்தது. அதிர்ந்தது தீவின் அடியிலிருந்த பிளவு வழுக்கியதால். அதே வருடம் கிலாவெயா மலையுச்சி கட்டம் கட்டமாக இடிந்து இறங்கியபோதும் நிலம் அதிர்ந்தது. ஒரே தீவு, ஒரே வருடம், இரண்டு வேறு மூலங்கள். பிரித்துச் சொன்னது கருவிகள்தான்.

அப்படியானால் திகனப் பக்கம் சந்தேகத்துக்குரியவை நாலு: பாறைப் பிளவு இயற்கையாக நகர்வது, நீர்த்தேக்கத்தின் தாக்கம், குவாரி வெடி, நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லில் உள்ள குழி இடிவது. நாலும் ஒவ்வொரு விதமான தடயத்தை விட்டுச் செல்லும்.

வெடி வைத்தால் பாறை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளப்படும். எந்தத் திசையில் கருவி இருந்தாலும் முதல் அசைவு தள்ளலாகவே பதியும். குழி இடிந்தால் தலைகீழ், எல்லாத் திசையிலும் இழுவை. பிளவு வழுக்கினால் சில திசையில் தள்ளல், சில திசையில் இழுவை. நீர்த்தேக்கத்தின் பங்கை ஒரே நடுக்கத்தில் பிடிக்க முடியாது. நீர்மட்டம் ஏறி இறங்கிய நாட்களையும் நடுக்கம் வந்த நாட்களையும் வருடக்கணக்கில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தூரத்தைக் கணிப்பது தரம் 9 பிள்ளைக்கும் விளங்கும். முதலில் வேகமான அலை வரும், பின்னால் மெதுவான அலை வரும். இரண்டுக்கும் இடைவெளி ஒரு செக்கன் என்றால் மூலம் ஏறத்தாழ எட்டு கிலோமீற்றர் தூரத்தில். ஆனால் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கக் குறைந்தது மூன்று நிலையங்கள் வேண்டும். ஆழம் தெரிய வேண்டுமானால் அவை கிட்டவும் இருக்க வேண்டும்.

நம் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. பல்லேகலை நிலையம் பக்கத்தில் இருப்பது அதிர்ஷ்டம். ஹக்மன, மஹகனதராவ, புத்தங்கல நிலையங்கள் வெகு தூரத்தில் இருக்கின்றன. அளவு 2 நடுக்கம் அங்கே போய்ச் சேரும்போது லொறி போன அதிர்வோடு கலந்துவிடும். எனவே சுற்றுவட்டாரத்திலேயே நிரந்தரமாகக் கருவிகள் வேண்டும்.

"சின்ன நடுக்கம்தானே" என்று கேட்பவர்களுக்கு: ஆம், சின்னதுதான். ஆழம் குறைவு என்பதால்தான் அவ்வளவு சத்தம். ஆனால் மகாராஷ்டிராவின் கொய்னா அணையில் 1962இல் நீர் நிரப்பத் தொடங்கிய பின் சிறு நடுக்கங்கள்தான் முதலில் வந்தன. 1967 டிசம்பரில் 6.3 அளவில் ஒன்று வந்து சுமார் 180 உயிர்களைக் கொண்டுபோனது. இதைச் சொல்வது பயம் காட்ட அல்ல. அளவு 2இலிருந்து 6க்குப் போவதென்றால் சக்தி பத்து இலட்சம் மடங்கு கூட வேண்டும். திகன கொய்னா ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆகாது என்று சொல்பவர் தரவைக் காட்டிச் சொல்ல வேண்டும். 122 மீற்றர் உயர அணையின் அருகில் வாழும் மக்கள் இதைக் கேட்பது குற்றமல்ல. அந்த நீருக்காகப் பழைய தெல்தெனிய நகரத்தையே கொடுத்தவர்கள் அவர்கள்.

குவாரியில் கூலி வேலை செய்பவரையும் நினையுங்கள். ஆதாரமில்லாமல் குவாரியைக் குற்றம் சொன்னால் அவர் அடுப்பு அணையும். ஆதாரமிருந்தும் மறைத்தால் பக்கத்து வீட்டுச் சுவர் வெடிக்கும். ஆகஸ்ட் 29 நடுக்கம் இரவில் வந்ததால் வெடி என்ற சந்தேகம் அதற்குக் குறைகிறது. மற்றவற்றுக்கு வெடி வைத்த நேரப் பதிவைப் பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

ஆகவே கேட்க வேண்டியவை இவை. நடுக்கப் பதிவு, குவாரி வெடி நேரம், விக்டோரியா நீர்மட்டம் மூன்றையும் ஒரே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். சிங்களத்தில் வரும் அதே நாளில் தமிழிலும் தாருங்கள். நேபாளத்தில் பாடசாலைகளில் மலிவான நடுக்கமானிகள் வைத்துப் பிள்ளைகளே பதிவு பார்க்கிறார்கள். கண்டி மாவட்டப் பாடசாலைகளுக்கும் அது முடியாத காரியம் அல்ல.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வதந்தி என்ன செய்யும் என்பதை இதே திகன 2018 மார்ச்சில் பார்த்தது. எரிந்த கடைகளின் படம் இன்னும் நம் கண்ணில் நிற்கிறது. செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறும்படி ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அந்தக் கட்டளை அணைக்கட்டுச் செய்திக்கும் பொருந்தும்.

அடுத்த முறை அதிர்ந்தால் "ஃபோர்வர்ட்" பண்ண முன் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: சரியான நேரம், நின்ற இடம், சத்தம் முதலில் வந்ததா அதிர்வு முதலில் வந்ததா. அதைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். நூறு பேர் எழுதினால் அதுவும் ஒரு தரவுதான்.