பதில் வராத சர்வரும் பழி சுமக்கும் பயனாளரும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி, "நான் எதையாவது தப்பாக அழுத்திவிட்டேனா?" என்பதுதான். புரோகிராம் அப்படியே நின்று, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தால் தங்களையே நொந்து கொள்கிறார்கள். பல சமயங்களில் தவறு புரோகிராம் எழுதியவருடையது என்பேன்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வெர்ஷன் கண்ட்ரோல் என்று ஒரு வகை சாப்ட்வேர் உண்டு. நீங்கள் தயாரிக்கும் இணையப் பக்கம், ஆய்வுக் கட்டுரை எதுவானாலும், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு நிலையையும் சர்வரில் சேமித்து வைக்கும். சென்ற வாரத்துப் பைலைக் கேட்டாலும் எடுத்துத் தரும். 2004ல் முதல் முழுப் பதிப்பு வெளியான சப்வெர்ஷன் இந்த வகை. உங்கள் கம்ப்யூட்டரில் இயங்கும் பகுதிக்குக் கிளையண்ட் என்று பெயர்.

கிளையண்ட் பைலை அனுப்பிவிட்டது. பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து சர்வர் இருக்கும் இடத்தில் மின்சாரம் போய்விடுகிறது. போனில் பேசுபவர் "வைக்கிறேன்" என்று சொன்னால் நமக்குத் தெரியும். நடுவில் ஒயர் அறுந்தால் வெறும் அமைதிதான். நாமாவது "ஹலோ, ஹலோ" என்போம். கிளையண்ட் அதுவும் சொல்லாமல் ரிசீவரைக் காதில் வைத்தபடி நிற்கும்.

இணைப்பு உயிரோடு உள்ளதா என்று பார்க்க, இன்டர்நெட்டின் டிசிபி முறையில் 'கீப் அலைவ்' என்ற வசதி உள்ளது. ஆனால் 1989ல் வெளியான ஆர்.எப்.சி. 1122 விதிப்படி, புரோகிராம் கேட்டால்தான் அது இயங்கும். அப்படிக் கேட்டாலும், நேரத்தை மாற்றி அமைக்காதவரை முதல் சோதனைக்குக் குறைந்தது 2 மணி நேரம் ஆகும்! சிறு தடங்கலுக்காக நல்ல இணைப்பு அறுந்துவிடக் கூடாது என்பதும் இதற்கு ஒரு காரணம். அது நியாயம்தான்.

ஆனால் புரோகிராம் தன் பங்குக்கு ஒரு கால வரம்பு வைக்கலாமே? "பெரிய பைல் என்றால் சர்வருக்கே நேரமாகும், பாதியில் வெட்ட முடியாது" என்பார்கள். வெட்ட வேண்டாம், கேளுங்கள். 30 விநாடி கழித்து, "சர்வரிடமிருந்து பதில் இல்லை. காத்திருக்கவா, நிறுத்தவா?" என்று ஒரு கட்டம் வந்தால் போதும். விண்டோஸ், 5 விநாடி அசையாத விண்டோவையே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று அறிவித்துவிடுகிறது. கேன்சல் பட்டனை வைத்துவிட்டு, அதை அழுத்தினாலும் வேலை செய்யாதபடி எழுதுவது பயனாளரை மதிக்காத செயல்.

இப்படி நின்றுவிட்டால் நீங்கள் என்ன செய்யலாம்? தயவு செய்து பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். மற்ற விண்டோக்களில் சேவ் செய்யாத வேலை எல்லாம் போய்விடும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மானேஜரில் அந்தப் புரோகிராமை மட்டும் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். சேவ் செய்த பைல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். இணைப்பு திரும்பியதும் 'லாக்' பட்டியலைப் பாருங்கள். சப்வெர்ஷன் அனுப்பியதை முழுதாக ஏற்கும், இல்லையேல் ஏற்காது. பாதி என்பதே கிடையாது. பூட்டப்பட்டுள்ளதாகச் செய்தி வந்தால் 'க்ளீன் அப்' கட்டளை கொடுங்கள்.

அடுத்த முறை திரை உறைந்தால் உங்களைத் திட்டிக் கொள்ளாதீர்கள். தயாரித்தவருக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டால்தான் மாற்றுவார்கள்.