டாக்சிசைக்ளின் வெறும் சுவிட்ச் அன்று

நம் உயிரணு ஆய்வகங்களில் ஒரு வழக்கம் கேட்பாரின்றி வேரூன்றியிருக்கிறது. ஒரு மரபணுவை வேண்டும்போது இயக்குவதற்காக டாக்சிசைக்ளினைச் சேர்க்கிறோம். மருந்து சேர்த்த உயிரணுக்களையும் சேர்க்காதவற்றையும் ஒப்பிடுகிறோம். காணும் வேறுபாடு முழுவதையும் அந்த மரபணுவின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இந்தக் கணக்கு பிழையானது.

முறையின்மீது எனக்குக் குறையில்லை. பாக்டீரியாவின் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு அமைப்பைப் பாலூட்டி உயிரணுக்களில் மரபணுவை அடக்கியாளும் கருவியாக 1992இல் கோசனும் புஜார்டும் ஹைடல்பெர்க்கில் மாற்றினர். டாக்சிசைக்ளின் இருந்தால் மரபணு இயங்கும் என்ற மறுவடிவம் 1995இல் வெளிவந்தது. மிக நேர்த்தியான கருவிதான். ஆனால் கருவி நேர்த்தியானது என்பதால் மருந்து நடுநிலையானது ஆகிவிடாது.

டாக்சிசைக்ளின் அடிப்படையில் ஓர் எதிருயிரி. பாக்டீரியாவின் ரைபோசோமைப் பற்றிப் புரத உற்பத்தியைத் தடுப்பதே அதன் தொழில். மைட்டோகாண்ட்ரியா பண்டைய பாக்டீரியாவின் வழித்தோன்றல். அதன் ரைபோசோமும் அந்த மூதாதையின் சாயலை இன்னும் சுமக்கிறது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ 13 புரதங்களுக்கான குறிப்பைத் தாங்குகிறது. அவை அனைத்தும் ஆற்றல் உற்பத்திக்கானவை. அவற்றின் உற்பத்தி குன்றினால் உயிரணு குளுக்கோஸை எரிக்கும் விதமே மாறும். பெருகும் வேகமும் குறையும். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் அளவுகளிலேயே இம்மாற்றங்கள் நிகழ்வதை 2013இல் ஓர் ஆய்வு மனித உயிரணுக்களில் காட்டியது. 2015இல் 'செல் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த கட்டுரை, புழு, ஈ, தாவரம் வரை இதே பாதிப்பைக் காட்டித் தலைப்பிலேயே எச்சரிக்கையும் விடுத்தது.

இதற்குப் பிறகும் புற்றுநோய் உயிரணுவின் வளர்சிதை மாற்றத்தை ஆராயும் ஒருவர், மருந்தில்லாத உயிரணுவை மட்டும் ஒப்பீடாக வைத்து, "என் மரபணு வளர்ச்சியைத் தடுத்தது" என்று எழுதலாமா? தடுத்தது மரபணுவா, மருந்தா என்று அந்தச் சோதனையால் சொல்லவே இயலாது.

"நாங்கள் குறைந்த அளவே சேர்க்கிறோம்" என்பர். அது போதுமான அளவு குறைவா என்பதை உங்கள் உயிரணுவில் அளந்து காட்டுங்கள். "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பர். வழக்கம் சான்றாகாது. "சீரம் இறக்குமதிப் பொருள், செலவாகும்" என்பர். இந்த வாதத்தில் உண்மை உண்டு. நம் மாணவர்களின் நிதியும் காலமும் குறைவே. ஆனால் ஐந்தாண்டு உழைப்பு தவறான அடித்தளத்தில் நிற்பதைவிடச் சில குடுவைகள் கூடுதலாக வளர்ப்பது மலிவு.

தேவை மிக எளியது. ஆராயும் மரபணு இல்லாமல், மற்ற அமைப்பு முழுவதையும் கொண்ட அதே உயிரணு வரிசைக்கு, அதே அளவு மருந்தை, அதே காலத்துக்குக் கொடுங்கள். மருந்தின் அளவையும் கால அளவையும் ஆய்வு முறைப் பகுதியில் தெளிவாக எழுதுங்கள்.

முனைவர் பட்டக் குழுக்கள் இதழின் தாக்கக் காரணியைத் தவறாமல் விசாரிக்கின்றன. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மருந்து மட்டும் பெற்ற உயிரணுக்கள் எங்கே? அதற்கு விடையில்லாத ஆய்வேட்டுக்கு ஒப்பமிடும் வழிகாட்டியே அப்பிழைக்கு முதற்பொறுப்பு, மாணவர் அல்லர்.