சிகிச்சைக்குப் பின் ஒரு வீடு

மதுவினின்று மீள விரும்புவோருக்குப் புறநோயாளி சிகிச்சை வாரத்தில் சில மணி நேரமே துணைநிற்க, எஞ்சிய பொழுதெல்லாம் பழைய சகவாசம் காத்திருக்கும் தெருவிலேயே அவர்கள் ஜீவிக்க வேண்டியிருப்பதால், வைத்தியர் முன்னிலையில் பிறந்த சங்கற்பம் வெகு விரைவில் தளர்ந்துவிடுவது வியப்பன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில், தாம் தங்கியிருந்த மறுவாழ்வு விடுதி மூடப்படவே, பால் மொல்லாய் என்பவரும் அவருடைய தோழர்களும் அக்கட்டடத்தைத் தாமே பொறுப்பேற்று 1975இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு இல்லம், மேலதிகாரி எவருமின்றி, வாசிகளே வாக்களித்து நிர்வகிப்பதும், வாடகையைப் பகிர்ந்து செலுத்துவதும், மீண்டும் போதையைத் தொட்டவரை வெளியேற்றுவதுமான நியமங்களைக் கொண்டது. இல்லினாயில் 150 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஈராண்டு கழித்து மீண்டும் போதையை நாடியிருந்தோர், இத்தகைய இல்லங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம். வழக்கமான பின்பராமரிப்புக்கு விடப்பட்டவர்களிலோ சுமார் 65 சதவீதம்.

இவ்வளவு பிரத்தியட்சமான பலன் இருந்தும், மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு பெரும்பாலும் இல்ல வாடகையை ஏற்பதில்லை, இது நியாயமன்று. அதனினும் பெரிய அநீதி, அபினி வகைப் பழக்கத்துக்கு வைத்தியர் விதித்த மெதடோன் முதலிய மருந்துகளை உட்கொள்வோருக்குச் சில இல்லங்கள் பிரவேசம் மறுப்பது: உயிர் காக்கும் மருந்தையோ உறைவிடத்தையோ துறக்கும்படி ஒரு நோயாளியை நிர்ப்பந்திக்க எவருக்கும் உரிமையில்லை.