கீரைச் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூ வேண்டாமா?



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் இப்போது ஒரே பேச்சு: "கொழுப்பு கூடாது." கீரைச் சுண்டலில் தேங்காய்ப்பூ இல்லை. பூசணிக்காய்க் கறியில் தேங்காய்ப்பால் இல்லை. ஈடுகட்டப் பார்மசியில் ஒரு விற்றமின் போத்தல். வாப்பாவுக்கு டொக்டர் சொன்ன கட்டுப்பாட்டை அஞ்சு வயதுப் பிள்ளையின் பீங்கானிலும் நாம் போடுகிறோம். இது சரியில்லை என்பதே எமது கருத்து.

கரட், பப்பாசி, பூசணி, முருங்கை இலை, வல்லாரை இவற்றில் இருப்பது நேரடி விற்றமின் ஏ அல்ல. அதன் மூலப்பொருளான பீட்டா கரோட்டின். அது தண்ணீரில் கரையாது. சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் குடற்கலங்களுக்குள் ஒழுங்காகப் போகும். அங்கே ஒரு நொதியம் அதை வெட்டி விற்றமின் ஏ ஆக்குகிறது.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விற்றமினில் ஒரு பகுதி ரெட்டினோயிக் அமிலமாக மாறி, கலத்தின் கருவுக்குள் போய், அங்குள்ள வாங்கிப் புரதங்களோடு சேர்கிறது. உடனே ஐஎஸ்எக்ஸ் என்ற மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. கரோட்டினை உள்ளெடுக்கும் புரதத்தின் மரபணுவையும், வெட்டும் நொதியத்தின் மரபணுவையும் அது அடக்கி வைக்கிறது. விற்றமின் போதுமென்றால் கதவு சாத்தப்படும், குறைந்தால் திறக்கும். எலிகளில் செய்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது.

கொழுப்பும் வெறும் எரிபொருள் அல்ல. கொழுப்பமிலங்கள் பிபிஏஆர் என்ற வாங்கிகளோடு சேர்ந்து, கொழுப்பை உள்ளெடுக்கவும் எரிக்கவும் தேவையான மரபணுக்களை இயக்குகின்றன. இந்த வாங்கிகளுக்கும் ரெட்டினோயிக் அமிலத்தின் வாங்கிகளுக்கும் ஆர்எக்ஸ்ஆர் என்ற ஒரே கூட்டாளிதான்.

ஆகவே கீரையும் கரட்டும் கூடினாலும் பயமில்லை. மிஞ்சிப்போனால் தோல் கொஞ்சம் மஞ்சளாகும். ஆனால் ஈரலிலும் பல விற்றமின் குளிசைகளிலும் இருப்பது தயாரான விற்றமின் ஏ. அதற்கு இந்தக் கதவு இல்லை. கூடினால் நமது ஈரலில் சேர்ந்து நஞ்சாகலாம். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள பிள்ளையையும் பாதிக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா ஈரல் வீடு நிறைய வரும்போது, கர்ப்பிணிப் பெண்களுக்கு அதை அள்ளிப் போடாமல் இருப்பது நல்லது.

குறைபாடும் சின்ன விஷயமல்ல. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 2006 இல் செய்த ஆய்வில், நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு இரத்தத்தில் விற்றமின் ஏ குறைவாக இருந்தது. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் அளவோடு தரும் விற்றமின் ஏயை வேண்டாமென்று சொல்லாதீர்கள். நாமாக வாங்கிக் கொடுக்கும் போத்தல்தான் வேறு கதை.

ஒரு வேளைச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தாலே கரோட்டின் உள்ளே போகப் போதும். அது ஒரு தேக்கரண்டி எண்ணெய் அளவுதான். ரோல்ஸையும் பெட்டிஸையும் குறைப்போம், நல்லதுதான். சுண்டலில் போடும் ஒரு பிடி தேங்காய்ப்பூவில் கை வைக்க வேண்டாம். அந்தப் போத்தலை வாங்கும் முன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.