கைதுக் காகிதத்தின் பாஷை

போடிமெட்டு வழியாக மலையேறிப் போனாலும், வேலந்தாவளம் வழியாகச் சமவெளியிலேயே போனாலும், தமிழ்நாடு எங்கே முடிந்தது என்பதைக் காதால் மட்டும் கேட்டுக் கண்டுபிடிப்பது சிரமம். தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை தாலுகாக்களின் தோட்ட லயங்களிலும், சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும் தமிழ் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வசித்து வருகிறார்கள். அங்குள்ள மலையாளிப் போலீஸ்காரர்களில் பலரும் அவர்களிடம் தடையின்றித் தமிழிலேயே பேசுகிறார்கள். ஆனால் பேச்சு நின்று எழுத்துத் தொடங்கியதும் பாஷை மாறிவிடுகிறது. எஃப்.ஐ.ஆர்., மகஜர், கைதுக் குறிப்பு ஆகியவை பெரும்பாலும் மலையாளத்தில் எழுதப்படுகின்றன. அடியில் இருக்கும் கையெழுத்து மாத்திரம் தமிழில் இருக்கிறது. இதைச் சாதாரண விஷயமென்று சர்க்காரும் நம்மவரும் இத்தனை காலம் விட்டுவைத்திருப்பது பெருந்தவறு என்பது என் அபிப்பிராயம்.

கைது செய்யப்பட்டவனுக்கு அதற்கான காரணத்தைக் கூடிய சீக்கிரத்தில் தெரிவித்தாக வேண்டும், தான் விரும்பும் வக்கீலை அவன் கலந்துகொள்வதைத் தடுக்கக் கூடாது, பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்று நம் அரசியல் சாசனத்தின் 22ஆவது ஷரத்து விதிக்கிறது. காரணத்தை எந்தப் பாஷையில் தெரிவிப்பது என்பதை நியாயஸ்தலங்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1962ஆம் வருஷத்து ஹரிகிஷன் வழக்கில், இங்கிலீஷ் தெரியாத ஒருவரைத் தடுப்புக் காவலில் வைத்து, காரணங்களை இங்கிலீஷில் கொடுத்துவிட்டு, போலீஸ் அதிகாரி அவற்றை வாய்மொழியாக விளக்கிவிட்டாரே, அது போதாதா என்று சர்க்கார் தரப்பில் வாதிக்கப்பட்டபோது, போதாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அது தடுப்புக் காவல் வழக்கு. சாதாரணக் குற்ற வழக்குகளுக்கும் அதே நியாயம் ஐயத்துக்கிடமின்றி வந்து சேர்வதற்கு அறுபது வருஷங்களுக்கு மேல் ஆயின. 2025 நவம்பர் 6ஆம் தேதி மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் பாஷையில் கொடுக்க வேண்டும்; உடனே எழுதிக் கொடுக்க இயலாவிட்டால் அப்போது வாயால் சொல்லி, ரிமாண்டுக்காக ஆஜர்படுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாகவாவது எழுத்தில் தந்தாக வேண்டும்; தவறினால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதமாகும் என்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. பம்பாயில் விலையுயர்ந்த காரால் ஒரு பெண்மணியின் மரணத்துக்குக் காரணமானதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தொடுத்த அப்பீலில் பிறந்த இந்த விதி, வட்டவடையில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவருக்கும் உரியதுதான். ஆனால் அதைக் கேட்டுப் பெறுவதற்கு அவரிடம் பெரிய வக்கீல்கள் இல்லை.

காகிதத்துக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு என்று கேட்பவர்கள் நெடுங்கண்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வாகமண் அருகிலுள்ள கோலாகலமேட்டைச் சேர்ந்த ராஜ்குமார், கடன் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் வசூலித்த ஒரு நிதி நிறுவனத்தின் மோசடி வழக்கில், 2019 ஜூன் 12ஆம் தேதி நெடுங்கண்டம் போலீஸ் காவலுக்குக் கொண்டுபோகப்பட்டார். கைது பதிவானதோ ஜூன் 15ஆம் தேதி. ஜூன் 21ஆம் தேதி, பீருமேடு கிளைச் சிறைக் கைதியாக இருந்த நிலையில் அவர் உயிர் நீத்தார். பிறகு நீதிபதி நாராயணக் குறுப்பு கமிஷன் அமைந்ததும், சடலத்தைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்ததும், வழக்கு சி.பி.ஐ. வசம் போனதும் பத்திரிகை வாசகர்கள் அறிந்தவையே. நான் சுட்டிக்காட்ட விரும்புவது அந்த 12ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் இடைப்பட்ட நாட்களை. கைதென்று எழுதப்படாத வரையில், காகிதத்தின் பிரகாரம், சாசனம் சொன்ன 24 மணி நேரம் ஆரம்பமாகவே இல்லை. பாலக்காட்டிலும் 2010 மார்ச் மாதத்தில், புத்தூர் கொலை வழக்கில் பிடிபட்ட சம்பத் என்பவர், மலம்புழையில் போலீஸ் ஸ்டேஷனல்லாத ஒரு விடுதியில் விசாரிக்கப்பட்டபோது மாண்டுபோனார், அதையும் சி.பி.ஐ.தான் விசாரிக்க நேர்ந்தது. கைது செய்த செய்தியையும், வைத்திருக்கும் இடத்தையும் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே சொல்ல வேண்டும் என்று, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்ற நடைமுறைச் சட்டம் 48ஆவது பிரிவில் கட்டளையிடுவது இத்தகையவற்றைத் தடுக்கத்தான்.

கையெழுத்து விஷயத்தில் நம் ஜனங்களிடையே பெருங்குழப்பம் நிலவுகிறது. கைதுக் குறிப்பில் கைதானவர் கையெழுத்திடத்தான் வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சியாகவும் ஒப்பமிட வேண்டும். அதில் எழுதியிருக்கும் தேதியும் மணியும் உண்மையானவையா என்று பார்த்துக்கொள்வதுதான் அங்கே முக்கியம். அதற்கு மாறாக, விசாரணையின்போது போலீஸார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் யாருடைய கையெழுத்தையும் வாங்கக் கூடாதென்பதே சட்டம். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீஸாரிடம் சொன்னது சாட்சியமாகாது; அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைப் பற்றிய அளவுக்கு மாத்திரம் அது செல்லும். தன்னைக் குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்கவும் பாத்தியதை உண்டு. முதலில் சொன்ன காகிதத்துக்கு மறுப்புச் சொல்லி, இரண்டாவதில் பயபக்தியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. எது நீட்டப்பட்டாலும், மலையாளம் வாசிக்கத் தெரியாதவர், "எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை" என்று தமிழில் ஒரு வரி எழுதி அதன் கீழே கையெழுத்திடுவதில் எந்தச் சட்டமீறலும் கிடையாது.

கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இன்னும் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 60 வயதுக்கு மேற்பட்டோரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி நிர்ப்பந்திக்க முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்கே போலீஸார் வந்து கேட்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த குற்றத்தைப் பற்றிய புகாரை, எங்கள் எல்லையல்ல என்று சொல்லித் தமிழ்நாட்டு ஸ்டேஷன் தள்ளிவிடவும் கூடாது. எங்கே நடந்ததாயினும் பதிவு செய்து, அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

கேரளத்தில் குடியிருப்பவர்கள் மலையாளம் கற்றுக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்வார்கள். கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதான், அதற்குள் கைதாகிறவனை என்ன செய்வது? கேரளத்தின் 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டமே, சிறுபான்மைப் பாஷைப் பிரதேசங்களில் தமிழிலும் கன்னடத்திலும் சர்க்கார் அலுவலகங்களோடு கடிதத் தொடர்பு கொள்ளவும், அந்தந்தப் பாஷையிலேயே பதில் பெறவும் வகைசெய்திருக்கிறது. நிலவரி விஷயத்துக்குத் தமிழில் பதில் எழுதக்கூடிய ஒரு சர்க்காருக்கு, ஒரு மனிதனை அடைத்து வைப்பதற்கான காரணத்தைத் தமிழில் எழுதுவது அசாத்தியமானதல்ல. முதியவர்கள் பலருக்குத் தமிழும் வாசிக்க வராது என்பது உண்மை. அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்தால் பள்ளிக்கூடம் போகும் பேத்தி அதைப் படித்துக் காட்டுவாள்.

ஆகையால் இடுக்கி, பாலக்காடு ஜில்லாக்களின் போலீஸ் அதிகாரிகளும் சட்டப்பணி ஆணைக்குழுக்களும், தமிழர் மிகுந்த தாலுகாக்களின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைதுக் குறிப்பையும் காரணப் பத்திரத்தையும் தமிழில் அச்சிட்டு வைக்க முன்வர வேண்டும். அது நடக்கும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவென்று பாராமல் இலவசமாக வக்கீல் ஏற்படுத்தித்தர 1987ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அதற்கான தேசியத் தொலைபேசி எண் 15100. லயங்களில் இருப்பவர்கள் அதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.