ஒத்துக்காரர்

போன மாதம், ஐப்பசி அடைமழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில், பால்ய காலந்தொட்டு எனக்குச் சிநேகிதராக இருந்த ஒத்துக்காரர் காலமாகிவிட்டார் என்ற செய்தியை அவருடைய பேரன் வந்து சொல்லிவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல், சொட்டச் சொட்டத் திண்ணையோரத்திலேயே நின்றான். ஊர் முழுவதும் அவரை ஒத்துக்காரர் என்றுதான் அழைத்தது. பெற்றோர் இட்ட பெயரைவிட அந்தத் தொழிற்பெயரில் அவருக்கு அபிமானம் அதிகமாதலால், நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஒத்து இன்னதென்று இன்றைய வாசகர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். பார்வைக்கு அது நாகஸ்வரத்தின் உடன்பிறப்பு. அதே ஆச்சா மரத்து உலவு, அடியில் அதே அணசு, மேலே கெண்டையில் செருகிய சீவாளி. ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் கிடையா. அடிப்பக்கத்துச் சிறு துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சேர்த்துக்கொண்ட பின், அதிலிருந்து எழுவது ஆதார ஷட்ஜம் ஒன்றே. கோயில் வாசலில் கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்கும் கணம் முதல், சுவாமி வீதிவலம் வந்து ஆலயத்துக்குத் திரும்பும் வரையில், அந்த ஒரே ஸ்வரம் இழை அறாமல் நிற்கவேண்டும். நாகஸ்வரக்காரர் தவிலுக்கு இடம் விட்டு இளைப்பாறலாம். தவில்காரர் ராக ஆலாபனையின்போது கையைத் தளர்த்திக்கொள்ளலாம். ஒத்துக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

கன்னங்களில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் புது மூச்சை உள்ளே இழுத்து, இழுத்த சுவடு நாதத்தில் படாமல் அவர் ஊதுவதை மிக அருகில் உட்கார்ந்து எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். மார்கழிப் பனியிலும் காதோரம் வியர்வை அரும்பி இறங்கும். கண்கள் பாதி மூடியிருக்கும். இடுப்பில் ஒரு சிறு மெழுகுருண்டை, விரலின் உஷ்ணத்தில் இளகுவதற்குத் தயாராக. ஒருநாள், “ஊதிப் பாரு தம்பி” என்று என் கையில் ஒத்தைக் கொடுத்தார். அரை நிமிஷங்கூட ஆகியிராது. தலை சுற்றி, தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. சீவாளியை வேஷ்டி நுனியால் துடைத்துத் தம் உதட்டில் வைத்து, நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நாகஸ்வரம் கற்க வரும் பிள்ளைகளை முதலில் சில காலம் ஒத்துப் பிடிக்க வைப்பது அந்நாளைய குருமார்களின் வழக்கம். அப்படிப் பத்து வயதில் தாய்மாமன் பக்கத்தில் ஒத்தோடு நின்றவர் அவர். உடன் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக நாகஸ்வரத்துக்குப் போய், சொந்த மேளம் வைத்து, சிலர் பட்டணத்துக் கச்சேரிகளுக்கும் சென்றுவிட்டார்கள். இவருக்கு ஞானக் குறைவு என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. ஒரு கீர்த்தனத்தில் எந்தச் சங்கதி யார் வழி வந்தது என்று பெரிய வித்துவான்களே அவரை விசாரித்துத் தெரிந்துகொண்டதை நான் அறிவேன். ஆனாலும் ஒத்தை விட்டு அவர் நகரவில்லை. காரணம் கேட்டால், “இதுலேயே இன்னும் சரியா வரலே தம்பி” என்பார். அடக்கத்துக்காகச் சொன்ன வார்த்தையல்ல அது. மெய்யாகவே அப்படி நினைத்தார்.

பிறர் சொல்லுக்கெல்லாம் தலையாட்டுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று சொல்லும் வழக்கம் நம் பேச்சில் வேரூன்றிவிட்டது. அந்த வழக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். ஒத்துக்காரர் யாருக்கும் இசைந்து போனவரல்லர். அவருக்குத்தான் மற்றவர்கள் இசைய வேண்டியிருந்தது. ஒரு திருவிழா இரவு, தெற்கு வீதித் திருப்பத்தில், காம்போதி ஆலாபனையின் நடுவே வித்துவான் சீவாளியை மாற்றினார். புதுச் சீவாளி ஒரு நூல் உயர்ந்து பேசிற்று. வித்துவான் திரும்பி, சுருதியை ஏற்று என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். தீவட்டி வெளிச்சத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: என் நண்பரின் கை மெழுகுக்குப் போகவில்லை, கண்ணும் திறக்கவில்லை. வித்துவான் இரண்டு பிடிகள் வாசித்துப் பார்த்து, பிறகு சீவாளியைக் கெண்டையிலிருந்து சற்றே மேலே இழுத்து, தாமே இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். மறுநாள் காலையில் அந்த வித்துவான் தம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, முதல் வெற்றிலையை இவருக்கு நீட்டினார்.

பின்னர் சுருதிப்பெட்டி வந்தது. பெட்டிக்குப் பங்கு தர வேண்டாம்; வண்டிச் சத்தமும் சாப்பாடும் வேண்டாம். ஒவ்வொரு மேளமாக ஒத்தை விட்டது. அதைப்பற்றி அவர் குறைகூறி நான் கேட்டதில்லை. காவிரிக் கரை நாணல் தட்டைகளை வாங்கி வந்து, பக்குவப்படுத்தி, சீவாளி கட்டத் தொடங்கினார். கட்டிய ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து, பத்துக்கு இரண்டையே தேறியவை என்று தனியே எடுத்துவைப்பார். மீதி எட்டையும் கேட்டவர்களுக்குக்கூட விற்கமாட்டார்.

இவற்றையெல்லாம்விட, ஓர் இரவுதான் இந்த ஒரு மாதமாக என்னை விடாமல் தொடர்கிறது. 1956 டிசம்பரில் நாகஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சென்னையில் காலமான செய்தி எங்கள் ஊருக்கு எட்டிய இரவு அது. பிள்ளையவர்களின் தோடியைக் கேட்பதற்காகவே நாங்கள் இருவரும் வயல் வரப்புகளில் இருட்டில் நடந்து, விடியற்காலையில் வீடு திரும்பிய நாட்கள் பல. அன்று இரவு நான் அவர் வீட்டுக்குப் போனபோது விளக்கு ஏற்றியிருக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, ஒத்தை எடுத்து வந்து, மெழுகை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஊத ஆரம்பித்தார். நாகஸ்வரம் இல்லை, தவில் இல்லை, தாளமும் இல்லை, ஒத்து மட்டும். தெருவில் இரண்டொருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எவ்வளவு நேரம் ஊதினாரோ, கணக்கில்லை. அந்த ஒற்றை ஸ்வரத்தின்மேல், முதலில் ஒரு காந்தாரத்தின் அசைவாக, பிறகு மெல்லப் படர்ந்து, மேலே ஏறி, அங்கேயே நின்று, கீழே இறங்க மனமில்லாமல் சுழலும் நீண்ட சஞ்சாரமாக, தோடி என் காதில் கேட்கத் தொடங்கிற்று.

அவர் நிறுத்திய பிறகும் சற்று நேரம் அது நிற்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கேட்டுச்சா தம்பி?” என்றார்.

“கேட்டுதுண்ணே” என்றேன்.